டிஜிட்டல் வால்யூமைக் குறைத்தால் இசை தொலைகிறதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். டிஏசியிலிருந்து, அதாவது எண்களாக இருக்கும் இசையை அனலாக் மின்னழுத்தமாக மாற்றும் கருவியிலிருந்து, நேராகப் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ப்ரீஆம்ப் நடுவில் இல்லை. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் டிஏசிக்குள் இருக்கும் டிஜிட்டல் வால்யூமால்தான். இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால் இசை மெலிந்து, உயிர் இறங்கியதுபோல் ஒலிக்கிறது. டிஜிட்டலில் ஒலியைக் குறைத்தால் பிட்டுகள் (இசையைக் குறிக்கும் எண்களின் இரும இலக்கங்கள்) தொலைந்துபோகும், குமிழ் வைத்த அனலாக் ப்ரீஆம்ப் ஒன்று வாங்கு என்கிறார் நண்பர். டிஜிட்டலா அனலாகா என்று நீங்கள் தலைப்பிட்டிருந்தாலும், இரவில் எதை இழக்கிறீர்கள், அதற்கு இந்த வால்யூம்தான் காரணமா என்பதையே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 25 ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்த்தும் அளந்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். உங்கள் கருவிகள் எவை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே இந்த வகைக் கருவிகளில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறேன். எண்கள் உங்களுக்குச் சற்று மாறலாம். கணக்கின் வழி மாறாது.

டிஜிட்டல் வால்யூம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் உலவுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஒன்று, இசையின் எண்களையே ஒரு பின்னத்தால் பெருக்கிச் சிறிதாக்குவது. உங்கள் டிஏசி செய்வது இதைத்தான். மற்றொன்றில் இசை கடைசிவரை அனலாக் மின்னழுத்தமாகவே ஓடுகிறது. அதன் வழியில் இருக்கும் மின்தடைகளை மட்டும் ஒரு சிப் மாற்றிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தில் எண் காட்டும் திரையும் முடிவில்லாமல் சுற்றும் குமிழும் இருப்பதால் இதையும் டிஜிட்டல் என்றே பலர் நினைக்கிறார்கள். அதேபோல் ரிமோட்டை அழுத்தினால் தானே சுழலும் குமிழ்கள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் இருப்பது சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டரும் (சுழற்றினால் அளவு மாறும் மின்தடை) ஒரு சிறு மோட்டாரும்தான். உங்கள் நண்பரின் எச்சரிக்கை முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும்.

அந்த முதல் வகையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒலியை 6 டெசிபல் குறைப்பதென்றால் எண்களைப் பாதியாக்குவது. இசை ஒரு பிட் கீழே நகர்கிறது. குறுந்தகட்டின் இசை 16 பிட். இன்றைய டிஏசிகள் உள்ளே 24 அல்லது 32 பிட் அகலத்தில் கணக்கிடுகின்றன. 24 பிட் அகலமுள்ள இடத்தில் 16 பிட் இசையை வைத்தால் கீழே 8 பிட் காலியாகக் கிடக்கிறது. 48 டெசிபல் வரை இறக்கினாலும் அந்த 16 பிட்டுகளும் காலி இடத்துக்குள் இறங்கி உட்காருகின்றனவே தவிர, ஒன்றும் வெட்டுப்படுவதில்லை. சரியாகப் பாதி, கால் என்று அமையாத அளவுகளில் கடைசி இலக்கத்தை முழுமையாக்க வேண்டியிருக்கும். அந்தப் பிழை உச்ச ஒலிக்கு ஏறத்தாழ 144 டெசிபல் கீழே நிகழ்கிறது. மிக நல்ல டிஏசிகளின் சொந்த இரைச்சலே 120 டெசிபலைச் சற்றுத் தாண்டிய இடத்தில் நின்றுவிடுவதால், அந்தப் பிழை இரைச்சலுக்கு அடியில் புதைந்துபோகிறது. இதே காரணத்தால்தான் 32 பிட் வால்யூம் என்ற விளம்பரத்துக்கும் அதிக மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை. அது கணக்கைத் துல்லியமாக்கும்; வெளியே வரும் இரைச்சலைக் கடுகளவும் குறைக்காது.

ஆக, பிட்டுகள் தொலைகின்றன என்பது உங்கள் விஷயத்தில் தவறு. ஆனால் நண்பரின் சந்தேகத்துக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. அதைத் தள்ளிவிடக் கூடாது. டிஜிட்டலில் குறைக்கும்போது இசை மட்டும் சிறிதாகிறது; டிஏசியின் அனலாக் பகுதி போடும் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டிஏசிக்குப் பின்னால் குமிழ் வைத்துக் குறைத்தாலோ இசையும் டிஏசியின் இரைச்சலும் சேர்ந்தே இறங்குகின்றன. இரண்டு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். அந்த வேறுபாடு காதில் விழுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டிஏசியின் முழு வெளியீடு 2 வோல்ட், இரைச்சல் அதற்கு 120 டெசிபல் கீழே என்று கொள்வோம். அப்படியானால் இரைச்சல் 2 மைக்ரோவோல்ட். பவர் ஆம்ப்ளிஃபையரின் கெயின் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் அளவு) 29 டெசிபல், அதாவது ஏறத்தாழ 28 மடங்கு என்றால் ஸ்பீக்கரில் 56 மைக்ரோவோல்ட் வந்து சேரும். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் எழுப்பும் சாதாரண ஸ்பீக்கரில் இந்த இரைச்சல் மைனஸ் 7 டெசிபலாக ஒலிக்கும். மனிதக் காது கேட்கத் தொடங்கும் எல்லைக்கும் கீழே இருக்கிறது அது. நள்ளிரவில் அமைதியான அறையிலும் 25, 30 டெசிபல் சத்தம் இருக்கும். வால்யூமை மைனஸ் 40 டெசிபலில் வைத்தாலும் இசையின் உச்சம் 73 டெசிபல், இரைச்சல் மைனஸ் 7. இடையில் 80 டெசிபல் இருக்கிறது. இந்த நிலையில் அனலாக் ப்ரீஆம்ப் ஒன்றைச் செருகினால், டிஏசியின் இரைச்சல் போன இடத்தில் ப்ரீஆம்பின் இரைச்சல் வந்து உட்காரும். அதிலும் ஆம்ப்ளிஃபையரின் சொந்த உள்ளீட்டு இரைச்சலே பெரும்பாலும் 2, 3 மைக்ரோவோல்ட் இருக்கும். அதைத் தாண்டி எதையும் சுத்தப்படுத்த முடியாது.

எண்களை மாற்றிப் பாருங்கள், கதை மாறும். டிஏசியின் இரைச்சல் 120க்குப் பதில் 100 டெசிபல் கீழே மட்டும் என்றால் அதே ஸ்பீக்கரில் 13 டெசிபல் இரைச்சல். அப்போதும் அறைச் சத்தத்தில் அமுங்கிவிடும். ஆனால் ஸ்பீக்கர் 105 டெசிபல் எழுப்பும் ஹார்ன் வகையாக இருந்தால் அந்த இரைச்சல் 31 டெசிபலாகிவிடும். அமர்ந்த இடத்திலிருந்தே 'உஸ்' என்று கேட்கும். காதுக்குள் செருகும் உணர்திறன் மிகுந்த இயர்போன்களிலும் இதே தொல்லை உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு அனலாக் குறைப்பு உண்மையாகவே தேவை. அவர்கள் குறை சொல்லும்போது கற்பனை என்று ஒதுக்குவது தவறு.

பிட்டுகள் நிஜமாகவே தொலையும் இடம் ஒன்று உண்டு: வெளியேறும் வழி 16 பிட்டாகவே இருக்கும் பழைய சங்கிலிகள். அங்கே 48 டெசிபல் குறைத்தால் மிஞ்சுவது 8 பிட். இசையின் மெல்லிய பகுதி உச்சத்துக்கு 40 டெசிபல் கீழே இருந்தால் அதற்குக் கிடைப்பது ஒன்றரை பிட் கூட இல்லை. இதை நீங்களே வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். தந்தியை மீட்டிவிட்டு நாதம் தேய்ந்து மறையும் ஒரு பதிவை எடுங்கள். ஒலி திருத்தும் மென்பொருளில் 50 டெசிபல் குறைத்து, டித்தர் என்ற வசதியை அணைத்துவிட்டு, 16 பிட் கோப்பாகச் சேமியுங்கள். அதைத் திறந்து மறுபடி 50 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள். நாதம் பாதி வழியில் சொரசொரப்பாகும், பிறகு நொறுங்கும், பிறகு யாரோ கதவை அடைத்ததுபோல் பட்டென்று நின்றுவிடும். டித்தரைப் போட்டு அதையே செய்தால் ஒரே சீரான இரைச்சல் இருக்கும். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளேயே நாதம் கடைசிவரை தேய்ந்து மறைவது கேட்கும். முழுமையாக்கும் முன் மிகச் சிறிய, தற்செயலான ஓர் இரைச்சலைச் சேர்ப்பதுதான் டித்தர். பிழை இசையோடு ஒட்டிக்கொண்டு சிதைவாக மாறுவதை அது தடுக்கிறது. இதை முதன்முதலில் கேட்ட அன்று நான் வெகுநேரம் அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். இரைச்சலைச் சேர்ப்பதால் இசை மீள்கிறது என்பதை ஏட்டில் படித்திருந்தும், காதால் கேட்ட பிறகுதான் நம்பினேன். 24 பிட்டிலும் டித்தர் நல்லதுதான். ஆனால் அது இல்லாமல் போனாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை.

கணினியிலும் கைபேசியிலும் எங்கே குறைக்கிறோம் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். விண்டோஸ் தன் உள் கலவையை 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் செய்கிறது. ஆனால் வெளியே அனுப்பும் வடிவத்தை 16 பிட் என்று அமைத்திருந்தால் அந்த அருமையெல்லாம் வாசலில் வீணாகிவிடும். அமைப்பில் 24 பிட்டை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிடுங்கள். புளூடூத்தில் பெரும்பாலும் கைபேசி இசையை முழு அளவில் அனுப்பி, ஒலியளவை ஒரு கட்டளையாக மட்டும் மறுமுனைக்குச் சொல்கிறது. அந்த ஏற்பாட்டை ஆதரிக்காத ஜோடிகளில் கைபேசி எண்களைச் சுருக்கிவிட்டுத்தான் அனுப்பும். அப்போது கைபேசியில் உச்சத்துக்கு அருகே வைத்துவிட்டு ஸ்பீக்கரில் குறைப்பதே சரி.

இனி நண்பர் சிபாரிசு செய்யும் குமிழ். ஒரு பழைய வால்யூமைப் பிரித்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பின்பக்கத் தகட்டின் நான்கு காதுகளை நிமிர்த்தினால் உள்ளே குதிரை லாட வடிவில் கரிய கார்பன் தடம் இருக்கும். அதன்மேல் விரல்கள்போல் பிரிந்த மெல்லிய உலோகத் தொடுகை ஊர்ந்து செல்லும். பல ஆண்டுகள் உழைத்த வால்யூமில் தடம் முழுக்க ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. வீட்டுக்காரர் தினமும் வைத்துக் கேட்கும் அந்த ஒரு சிறு பகுதியில் மட்டும் பளபளவென்று வரி விழுந்திருக்கும். வரியின் ஓரத்தில் கருந்தூள் ஒதுங்கியிருக்கும். அங்கேதான் கரகரப்பு வரும், அங்கேதான் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். சுத்தம் செய்து சில நாளிலேயே கரகரப்பு திரும்பி வந்தால் குமிழைக் குற்றம் சொல்லாதீர்கள். முந்தைய கட்டத்தின் கப்பாசிட்டர் கசிந்து வால்யூமுக்குள் நேர்மின்சாரம் நுழைகிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் புது வால்யூம் மாட்டியும் தீராத கோளாறு அந்தக் கப்பாசிட்டரை மாற்றியதும் தீர்ந்திருக்கிறது.

தேய்மானத்தைவிடப் பெரிய குறை இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதது. நமது காது மடக்கை முறையில் கேட்பதால் வால்யூமின் தடமும் அப்படிப் படிப்படியாக ஏற வேண்டும். ஆனால் பெரும்பாலான கார்பன் வால்யூம்களில் வேறுவேறு தடையுள்ள இரண்டு மூன்று நேர்த் துண்டுகளை ஒட்டி அந்த வளைவைப் போலி செய்திருக்கிறார்கள். இடப்பக்கத் தடமும் வலப்பக்கத் தடமும் தொடக்கப் பகுதியில்தான் மிக அதிகமாக விலகுகின்றன. அண்மையில் பெஞ்சுக்கு வந்த ஓர் ஆம்ப்ளிஃபையரில், குமிழைச் சற்றே திறந்த நிலையில் இடப்பக்கம் 9 மில்லிவோல்ட், வலப்பக்கம் 7 மில்லிவோல்ட் கிடைத்தது. இரண்டு டெசிபலுக்கு மேல் வித்தியாசம். நடுவில் நின்று பாட வேண்டிய குரல் இடப்பக்கம் நகர்ந்துவிடும். அதே வால்யூம் பாதிக்கு மேல் திறந்தபோது மிகச் சரியாக ஒத்துப்போனது. இரவில் மெதுவாகக் கேட்பதற்காகக் குமிழ் வாங்கச் சொல்கிறார் நண்பர். குமிழ் மிக மோசமாக நடந்துகொள்ளும் இடமும் அந்த மெல்லிய ஒலிதான்.

குமிழுக்கு இரைச்சல் இல்லை என்ற நம்பிக்கையும் சரியல்ல. 50 கிலோஓம் வால்யூமை 6 டெசிபல் குறைத்து வைத்தால் அதன் வெளியீட்டு மின்மறுப்பு 12.5 கிலோஓம். அந்தத் தடையின் வெப்ப இரைச்சல் மட்டுமே, கேட்கும் அலைவரிசை முழுவதற்கும் சேர்த்து, 2 மைக்ரோவோல்ட். மேலே டிஏசிக்குச் சொன்ன அதே 2 மைக்ரோவோல்ட்! அதற்குப் பின்னால் நீளமான கேபிள் இருந்து, அதன் கொள்திறன் 1000 பிக்கோஃபாரட் ஆனால், 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரிந்துவிடும். எண்களில் குறைக்கும் முறைக்கு இந்த இரண்டு குறையும் கிடையாது. இடம் வலம் பிசகவும் பிசகாது.

தொடக்கத்தில் சொன்ன, மின்தடைகளை மாற்றும் சிப் வகை இரண்டின் நல்ல குணங்களையும் ஓரளவு சேர்த்துக்கொள்கிறது. பிஜிஏ 2311 போன்ற சிப்புகள் அரை டெசிபல் படிகளில் மைனஸ் 95.5 வரை இறங்கும். பக்கங்களுக்கிடையே வித்தியாசம் நூறில் சில பங்கு டெசிபல்தான். ரிலேக்களால் (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகள்) மின்தடைகளை மாற்றும் வகையும் உண்டு. 'டிக் டிக்' சத்தத்தைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு அது மிக நல்லது. கட்டாயம் அனலாகில்தான் குறைக்க வேண்டும் என்ற நிலை எனக்கு வந்தால் இவற்றில் ஒன்றைத்தான் எடுப்பேன். கார்பன் குமிழை எடுக்க மாட்டேன்.

அப்படியானால் இரவில் இசை ஏன் மெலிகிறது? ஒலி குறையக் குறைய நமது காதே தாழ்ந்த சுருதிகளை அதிகமாக விட்டுவிடுகிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வெளியிட்டார்கள்; அந்த வளைகோடுகள் பிற்பாடு திருத்தப்பட்டாலும் அடிப்படைச் செய்தி மாறவில்லை. பகலில் நிறைவாகக் கேட்ட பேஸ், 30 டெசிபல் குறைத்ததும் மற்ற ஒலிகளைவிட வேகமாகக் காணாமல் போகும். குமிழில் குறைத்தாலும் எண்ணில் குறைத்தாலும் இப்படித்தான். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் லவுட்னஸ் என்ற பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். வால்யூமின் தடத்திலிருந்து நான்காவதாக ஒரு முனை எடுத்து, குறைந்த ஒலியில் பேஸை உயர்த்திக் கொடுத்தார்கள். நீங்கள் விவரிக்கும் 'உயிர் இறங்கிய' ஒலிக்கு இதுவே காரணம் என்று உங்கள் அறையில் அளக்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் என் கணிப்பு இதன்மேல்தான். பிளேயரில் ஈக்வலைசர் இருந்தால் இரவுக்கு மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4, 5 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள்.

சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருகிறேன். நன்றாகச் செய்யப்பட்ட ஓர் அனலாக் வால்யூமும் நன்றாகச் செய்யப்பட்ட ஒரு டிஜிட்டல் வால்யூமும் ஒரே ஒலியளவில் வேறுவேறாக ஒலிக்கின்றன என்று கூர்மையான காதுள்ள சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அரை டெசிபலுக்கும் குறைவான வித்தியாசம்கூடக் காதுக்கு 'சத்தம் கூடியிருக்கிறது' என்று தெரியாமல், 'தெளிவு கூடியிருக்கிறது' என்றே தோன்றும். ஒப்பிடும் முன் 100 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஒரு சுருதியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டையும் 0.1 டெசிபலுக்குள், அதாவது மின்னழுத்தத்தில் 1 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். அப்படிச் சமன் செய்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டபோது எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. இது என் காது, என் கருவிகள். அதற்கு மேல் இதை நீட்டிச் சொல்ல மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது: எந்த வகை வால்யூமானாலும், அடிமட்டத்தில் வைத்தே கேட்க வேண்டிய நிலை வந்தால் அது கெடுகிறது. குமிழ் அங்கே பக்கம் சாய்கிறது, டிஜிட்டல் அங்கே இரைச்சலை நெருங்குகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஆம்ப்ளிஃபையரின் கெயின் தேவைக்கு மேல் இருப்பது. 2 வோல்ட்டை 28 மடங்காக்கினால் 56 வோல்ட். 8 ஓமில் 100 வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு 28 வோல்ட்தான் எல்லை. மீதி 6 டெசிபலை நீங்கள் ஒருபோதும் பயன்படுத்தவே முடியாது. ஆம்ப்ளிஃபையரில் கெயின் மாற்றும் சுவிட்ச் இருந்தால் குறைந்த நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுக்கு மிக அருகே, பக்கத்துக்கு இரண்டு மின்தடைகள் போதும்: இசையின் வழியில் 4.7 கிலோஓம், அதற்குப் பின் தரைக்கு 2.2 கிலோஓம். 10 டெசிபல் குறையும், டிஏசியின் இரைச்சலும் கூடவே 10 டெசிபல் இறங்கும், இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். ஒரு சதவீதத் துல்லியமுள்ள மெட்டல் ஃபிலிம் தடைகளாக எடுங்கள். இது நடுமுனையும் தரையும் மட்டுமுள்ள ஆர்சிஏ இணைப்புக்கான கணக்கு; மூன்று முனையுள்ள பேலன்ஸ்டு இணைப்பில் அமைப்பு வேறு.

இந்தத் தடைகளை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது ஒலித் தரத்தையும்விட முக்கியமானது. உங்களைப்போலவே டிஏசியை நேராக இணைத்திருந்த ஒருவரின் ஸ்பீக்கர்கள் என்னிடம் வந்தன. மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு வால்யூம் தானாக உச்சத்துக்குப் போயிருந்தது. பாட்டை அழுத்திய நொடியில் உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் இரண்டு ட்வீட்டர்களின் சுருளும் கருகிவிட்டன. மென்பொருளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மனிதக் கை தடுக்கக்கூடிய எதுவுமே இல்லாத அமைப்பு அது. 10 டெசிபல் நிரந்தரத் தடை இருந்திருந்தால் அந்த அதிர்ச்சியின் ஆற்றல் வெகுவாகக் குறைந்திருக்கும். டிஏசியின் அமைப்புகளில் அதிகபட்ச ஒலியளவுக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் இன்றே இயக்கிவிடுங்கள்.

எதையும் வாங்கும் முன் இன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். அறையை அமைதியாக்கி, ஒரு பாட்டை ஓடவிட்டு, கேட்காத அளவுக்கு வால்யூமை இறக்குங்கள். பாட்டை நிறுத்திவிடாதீர்கள், எண்கள் வராதபோது சில டிஏசிகள் வெளியீட்டையே அடைத்துக்கொள்ளும், அப்போது சோதனை பொய்யாகிவிடும். ட்வீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வையுங்கள், பிறகு வழக்கமாக உட்காரும் இடத்துக்கு வாருங்கள். உட்காரும் இடத்தில் இரைச்சல் கேட்கவில்லை என்றால் டிஜிட்டல் வால்யூம் உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டால், ஆம்ப்ளிஃபையரை அணைத்து, டிஏசியின் கேபிளைக் கழற்றி, உள்ளீட்டின் நடுமுனையைத் தரையோடு இணைக்கும் ஷார்ட்டிங் பிளக் செருகி, மறுபடி இயக்கிக் கேளுங்கள். இரைச்சல் குறைந்தால் தடைகள் தீர்வு தரும். அப்படியே இருந்தால் அது ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல். எந்த ப்ரீஆம்பும் அதைக் குறைக்காது. வழக்கமாகக் கேட்கும்போது திரையில் காட்டும் டெசிபல் எண்ணையும், ஆம்ப்ளிஃபையரின் கையேட்டில் உள்ள கெயினையும் எழுதுங்கள். உங்களுக்குப் பொருந்தும் தடை அளவுகளைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.